ராஜப்பன் மீசையும் ஐந்நூறு பாக்கெட் ராகி பிஸ்கட்டும்

ராஜப்பன் வாயில் இருந்து வரும் பேச்சில் பாதி மீசையைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வரும்.

"இந்த வருஷம் புளி விலை ஏறலைன்னா என் மீசையை எடுத்துர்றேன்" என்பார். விலை ஏறாது. மீசை இருக்கும். "இந்த ரயிலு மொரப்பூருக்கு நேரத்துக்கு வந்துச்சுன்னா மீசையை எடுத்துர்றேன்" என்பார். ரயில் நேரத்துக்கே வந்து, நின்று, போயும் விடும். மீசை மட்டும் பிளாட்பாரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். இருபத்தேழு வருஷத்தில் அந்த மீசை எத்தனை பந்தயத்தில் தோற்றது என்று அதற்கே தெரியாது. கத்தியை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் ஒருத்தரும் இல்லை.

சாமானிய மீசையா அது. மூக்குக்குக் கீழே புறப்பட்டு, கன்னத்தில் பாதி தூரம் போய், அங்கே இருந்து மேலே திரும்பி, கண்ணை எட்டிப் பார்த்துவிட்டு நிற்கும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் விளக்கெண்ணெய். கொஞ்ச நாளாக அந்த எண்ணெய் பாட்டில் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோனது. மீசை அடர்த்தியாகிறது போல என்று ராஜப்பன் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

வைகாசி மாசம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் நாடகம் நடக்கும். மற்ற ஊர் ராஜாக்களுக்கெல்லாம் மையில் வரைந்த மீசை. வேர்த்தால் நாலாவது சீனிலேயே கரைந்து வாய்க்குள் இறங்கிவிடும். நம் ஊர் ராஜாவுக்குச் சொந்த மீசை. பத்தொன்பது வருஷமாக ராஜா ராஜப்பன்தான். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டமே போட்டுவிட்டார். "சொந்த மீசை இல்லாதவன் ராஜா வேஷம் கட்டக் கூடாது." நாடகக் கமிட்டி நோட்டில் எழுதி, பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டது.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் அவருடைய மச்சான் அறிவழகன். பெண்டாட்டி அமுதவல்லியின் தம்பி. அரூரில் உரக்கடை வைத்திருக்கிறான். "ஒரே ஒரு வருஷம் நான் ராஜா கட்டறேன் மாமா" என்று அப்போது கேட்டான். பையன் உதட்டுக்கு மேலே உளுந்து விதைத்தாலும் முளைக்காது. சட்டம் போட்டதும் வாயை மூடிக்கொண்டு அரூர் பஸ் ஏறிவிட்டான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அமுதவல்லி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சந்தோஷப்படக் கூடாது என்பது இந்த எட்டு வருஷத்தில் ராஜப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

நாடகத்தில் ராணி வேஷம் மாதேஸ். பகலில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றுகிற ஆள். ராத்திரி சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்றால், கிழங்கு ஏற்றின கை இதுதானா என்று சந்தேகம் வரும். கதையில் கொடுங்கோல் ராஜா ராணியின் கூந்தலைப் பிடித்து மேடையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துப் போக வேண்டும். அந்த சீனில் பொம்பளைகள் எல்லாரும் அழுவார்கள். மாதேஸ் அழுவதற்கு முன்னாலேயே ராணி வசனத்தை ராஜப்பன் வாய்க்குள் முணுமுணுத்துவிடுவார். எல்லார் வசனமும் தனக்கு மனப்பாடம் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மாதேஸ் மாந்தோப்பில் ஏணி சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் பிளேட் வைத்து அனுப்பிவிட்டார்கள். எழுந்து நடக்க ஆறு மாசம். அதுவரைக்கும் அந்த வீட்டில் அரிசி யார் போடுவது என்பதுதான் கேள்வி.

புதன்கிழமை காலையில் ராஜப்பன் களித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்விக்கு அமுதவல்லி பதில் வைத்திருந்தாள்.

"ஏங்க, எங்க குழுவுல ஒரு முடிவு பண்ணியிருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு பிஸ்கட் அவனை ஆன் பண்றோம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அணைக்கறதே இல்லை. ராகி பிஸ்கட். ஐந்நூறு பாக்கெட். வர்ற காசு அத்தனையும் மாதேஸ் அண்ணன் வூட்டுக்கு."

மகளிர் குழுவில் பதினொரு பேர். போன வருஷம் ராகி பிஸ்கட் பயிற்சிக்குப் போய்வந்து, குழுக் கடனில் இரண்டு மின்சார அவன் வாங்கியிருந்தார்கள். இரண்டும் ராஜப்பன் வீட்டு அடுப்படியில்தான் இருந்தன.

"எங்க பண்ணப் போறீங்க?"

"நம்ம வூட்டுலதான்."

"ஞாயித்துக்கிழமை கறி எடுக்கற நாளாச்சே."

"இந்த ஞாயித்துக்கிழமை பிஸ்கட்."

"மத்தியானச் சோறு?"

"பிஸ்கட்ல உடைஞ்சது இருக்கும்."

ராஜப்பன் சிரித்தார். மேடையில் ராஜா சிரிக்கிற சிரிப்பு. களித் தட்டு லேசாக ஆடியது.

"அமுதா, நம்ம தர்மபுரி ஜில்லாவுல ராகியைக் காசு குடுத்து எவன் வாங்குவான்? காலையில களி, மத்தியானம் களி, நடுவுல கூழு. இந்த ஊர்ல கொட்டாவி விட்டாலே ராகி வாசம் அடிக்குது. அதை வட்டமா வெட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டா வாங்கிருவானா?"

"ஐந்நூறு போவாதுங்களா?"

"அம்பது போவாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலை குனிந்தது கல்யாணத்து அன்றைக்கு ஒரு தடவை. அதற்கப்புறம் இப்போதுதான். "குழுவுலயும் அதான் பேச்சு. ராஜப்பண்ணன் விக்காதுன்னு உறுதியாச் சொல்லிட்டா விட்டுரலாம்ங்கறாங்க. உறுதியாத்தான் சொல்றீங்களா?"

"உறுதியாவா? ஐந்நூறு பாக்கெட்டும் ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள வித்துச்சுன்னா என் மீசையை எடுத்துர்றேன்."

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே சுகுணாவின் தலை முளைத்தது. அவள் குழுவுக்குச் செயலாளர். கையில் செல்போன்.

"அண்ணா, சரியாக் காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி."

செல்போனைத் தூக்கிப் பிடித்தால் ராஜப்பனுக்கு அது மேடை. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். இரண்டு முனையையும் முறுக்கிவிட்டார். "கேளுங்கள், மாந்தரே" என்று ராஜா குரலில் ஆரம்பித்து, பாக்கெட் எண்ணிக்கை, கிழமை, நேரம், மீசை எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தார். சுகுணா கை தட்டினாள். அமுதவல்லி இன்னும் ஒரு உருண்டை களி வைத்தாள்.

ராஜப்பனிடம் இருப்பது பட்டன் போன். அதனால் புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் உலகத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோழி கூவுவதற்கு முன்னாலேயே வீட்டில் பாத்திரம் கூவியது. பதினொரு பொம்பளைகள். வறுத்து அரைத்த ராகி மாவு ஒரு மூட்டை, நாட்டுச்சர்க்கரை, வெண்ணெய், எள். ஒருத்தி பிசைந்தாள், ஒருத்தி தட்டினாள், ஒருத்தி டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டாள். இரண்டு அவனிலும் தட்டு உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து கொண்டிருந்தது. ஏழு மணிக்கெல்லாம் தெருவே வெண்ணெயில் வறுபட்டதுபோல ஒரு வாசனை.

ராஜப்பன் பல் விளக்கிவிட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அமுதவல்லி நேராக வந்து ஒரு துண்டை எடுத்து அவர் மூக்குக்குக் கீழே சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கு?"

"மாவுல முடி விழுந்தா யாரு பதில் சொல்றது? எங்களுக்குத் தலையில துணி. உங்களுக்கு அங்க."

"ஒரு பிஸ்கட் குடு, பாக்கலாம்."

"நூறு ரூபா பாக்கெட்டு."

"உடைஞ்சது?"

"புள்ளைங்களுக்குக் குடுத்தாச்சு."

வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டுச் சுகுணா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாதேஸின் பெண்டாட்டி சென்னம்மாள், பாக்கெட்டுக்கு வாய் ஒட்டிக்கொண்டு. ராஜப்பன் கயிற்றுக் கட்டிலை எதிரே இழுத்துப் போட்டுச் சாய்ந்தார். இன்றைக்கு முழுக்க ஈ ஓட்டப் போகிறார்கள், பார்க்கலாம் என்று.

எட்டரைக்கு எண்பது பாக்கெட் போய்விட்டது.

துண்டுக்குள்ளே ராஜப்பனுக்கு லேசாக வேர்த்தது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர் ஆள். வாங்கினவர்களும் போகவில்லை. மரத்தடியில், கோயில் மேடையில், டிராக்டர் மேலே என்று இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தர் குடையும் சாப்பாட்டுத் தூக்கும் கொண்டுவந்திருந்தார். ராஜப்பன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எந்த ஊருங்க?"

"ஏரியூருங்க."

"ஏரியூரா? அங்க இருந்து மூணு பஸ்ஸு மாறணுமே. பிஸ்கட்டுக்கா இம்புட்டுத் தூரம்?"

"பிஸ்கட்டு கிடக்குது. மீசை எடுக்கறாங்களாமே, அதுக்கோசரம் வந்தேன்."

"மீசையா?"

"நீங்க போன்ல பாக்கலீங்களா? இந்தாங்க." போனை நீட்டினார். அதில் ராஜப்பன் களித் தட்டுக்கு முன்னால் நின்று மாந்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முடிகிற இடத்தில் பெரிய எழுத்தில் வந்தது: 'இந்த மீசை போகுமா, நிற்குமா? ஐந்நூறாவது பாக்கெட் உங்கள் கையில்.'

"எல்லா ஊருக்கும் போயிருக்குதுங்க" என்றார் ஏரியூர்க்காரர். "பேச்சைப் பாத்தா ஆளு கொஞ்சம் தலைக்கனம் புடிச்சவன்னு தெரியுது. உங்களுக்கு அவனைத் தெரியுங்களா?"

"பாத்திருக்கேன்" என்று துண்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ராஜப்பன் எழுந்தார்.

அதற்கப்புறம்தான் வரிசையில் நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். போன வருஷம் புளிப் பந்தயத்தில் ஜெயித்தும் மீசை போகாமல் ஏமாந்த மளிகைக்காரர், ஆறு பாக்கெட். ரயில் விஷயத்தில் ஏமாந்த ஸ்டேஷன் ஆள், நாலு. பத்தொன்பது வருஷமாக ராணிக்காக அழுத கிழவி ஒருத்தி, சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டே, "அந்தப் புள்ளை முடியை என்னமா இழுத்தான் பாவி. ரெண்டா குடும்மா" என்றாள். சலூன் குரு பத்து பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, நான் கத்தியைச் சாணை புடிச்சுட்டு வந்துர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அரூரில் இருந்து அறிவழகன் போனிலேயே பணம் போட்டு நாற்பது பாக்கெட்டுக்குச் சொல்லிவிட்டானாம்.

வாங்காதீங்க என்று கத்தலாம் என்று மேசைக்குக் கிட்டே போனார். சென்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர்.

"அண்ணா, நீங்க மட்டும் அந்த வார்த்தை சொல்லலைன்னா இத்தனை சனம் வந்திருக்குமா? நீங்க நல்லா இருக்கணும்."

"எல்லாரும் நல்லா வாங்குங்க" என்று துண்டுக்குள்ளே இருந்து சொல்லிவிட்டு ராஜப்பன் திரும்பிவிட்டார்.

விற்பதைத் தடுக்க முடியாது. சரி, சுடுவதைத் தடுக்கலாமே.

பதினொரு மணிக்கு மீட்டர் பெட்டியைத் திறந்து, பீஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டார். அடுப்படியில் இரண்டு அவனும் ஒரே சமயத்தில் கண்ணை மூடின.

"அடடா, கரண்டு போயிருச்சா?" என்று ராஜப்பன் முதல் ஆளாக ஓடிவந்து வருத்தப்பட்டார். "ஞாயித்துக்கிழமை பாத்துத்தான் நிறுத்துவானுங்க. சாயங்காலம் ஆயிரும். நீங்க எல்லாம் வூட்டுக்குப் போயி கொஞ்சம் படுங்கம்மா."

அமுதவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுகுணா வீட்டுக் கூடத்தில் பேன் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அங்கே இருந்து கண்ணை இறக்கி வேட்டி மடியைப் பார்த்தாள். வயிற்றில் முன்னால் இல்லாத ஒரு மூலை துருத்திக்கொண்டிருந்தது.

"சரி, போவட்டும்" என்று, வாசலில் இருந்து ஓடிவந்த சுகுணாவிடம் திரும்பினாள். "சுகுணா, கொல்லையில கல்யாண அண்டா மூணையும் இறக்கு. அடியில மணலைக் கொட்டு. தட்டை உள்ள வெச்சு மூடி, விறகுல ஏத்தலாம். பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களே."

"விறகு யாருக்கா தள்றது? நமக்குத் தட்டறதுக்கே கை பத்தலை."

"ஏன், உங்க அண்ணன் சும்மாதான இருக்காரு. ஏங்க, கரண்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் உக்காருங்க."

வைகாசி வெயில். மூன்று அடுப்பு. வேலிக்காத்தான் விறகு. ராஜப்பன் இந்த அடுப்பில் தள்ளினால் அந்த அடுப்பு அணைந்தது. அதை ஊதினால் இது புகைந்தது. மாந்தரைக் கூப்பிட்ட வாய் இருமலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மடியில் இருந்த பீஸ் கட்டை குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தியது. நாலு தடவை அமுதவல்லி வந்து பார்த்தாள். "கரண்டு இன்னும் வரலீங்களே" என்று நாலு தடவையும் சொன்னாள்.

இரண்டு மணிக்கு ராஜப்பனால் முடியவில்லை. கொல்லை வழியாகச் சுற்றிப் போய்க் கட்டையை இருந்த இடத்தில் செருகிவிட்டார்.

"கரண்டு வந்துருச்சு" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"அப்பாடா" என்று விறகைக் கீழே போட்டார்.

"அதை ஏன் போடறீங்க?" என்றாள் அமுதவல்லி. "அண்டா நல்லா சூடேறி நிக்குது. இனிமே அவன் ரெண்டு, அண்டா மூணு. அஞ்சும் ஓடட்டும்."

அத்தனை நேரம் மணிக்கு முப்பது பாக்கெட் வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் எழுபது வந்தது.

ஐந்தேகால் மணிக்கு ஐந்நூறும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. மேசை மேலே நாற்பதுதான் பாக்கி. மாதேஸை ஒரு நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிவந்து முன்வரிசையில் இறக்கியிருந்தார்கள். கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, நாடகம் பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சலூன் குரு இன்னொரு நாற்காலி போட்டு, வெள்ளைத் துணியை உதறி, நுரைக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கலக்கும் சத்தம் கேட்டதும் ராஜப்பனுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. ஐந்நூறுதானே பந்தயம். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால்?

மேசைப் பக்கம் போய் நின்றார். சுகுணா சில்லறை தேடக் குனிந்தாள். ஒரு பாக்கெட் வேட்டி மடிக்குள்ளே போனது. ராஜப்பன் வீட்டுக்குள்ளே போனார்.

பின்னறையில் நாடகப் பெட்டி இருந்தது. ராஜா உடுப்பும் கிரீடமும் வைக்கிற தகரப் பெட்டி. சாவி அவரிடம் மட்டும்தான். பெட்டி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். காலையில் இருந்து வயிற்றில் எதுவும் போகவில்லை. கையில் சூடு ஆறாத பாக்கெட். ஒளித்துத்தானே வைக்கப் போகிறோம், முழுசாக வைத்தால் என்ன, குறைவாக வைத்தால் என்ன. துண்டைக் கழுத்துக்கு இறக்கினார். ஒன்றை எடுத்துக் கடித்தார்.

களியில் இருக்கிற அதே ராகிதானா இது? வாயில் போட்டதும் உதிர்ந்து, வெண்ணெயாகிக் கரைந்து, கடைசியில் ஒரு எள் மட்டும் பல்லில் நின்று வேடிக்கை காட்டியது. இருபத்தைந்து வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டும் இவளுக்கு இது தெரியும் என்று தனக்குத் தெரியவில்லையே என்று ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தில் இன்னும் ஐந்து தின்றார். மிச்சம் நாலைக் கிரீடத்துக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டி, துண்டை மறுபடி மீசைக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

ஆறு மணி. சுகுணா நோட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"நானூத்தித் தொண்ணூத்தி ஒம்போது."

கூட்டம் 'ப்ச்' என்றது. ஏரியூர்க்காரர் குடையை மடக்கினார்.

ராஜப்பன் முகத்துத் துண்டை உருவி வீசினார். நாள் முழுக்க மறைந்திருந்த மீசை வெளியே வந்தது. ஏரியூர்க்காரர் வாயைப் பிளந்தார். ராஜப்பன் இரண்டு முனையையும் முறுக்கி, தெருவின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் ராஜா சிரிப்புச் சிரித்தார்.

"ஒண்ணு குறையுது அமுதா. பேச்சுன்னா பேச்சு."

"ஆமாங்க. பேச்சுன்னா பேச்சுதான்" என்று அமுதவல்லி கிட்டே வந்தாள். "ஐந்நூறு சுட்டோம். மேசையில ஒண்ணும் மிச்சமில்லை. கணக்கு எங்கயோ தப்பிருச்சு. போவட்டும், நீங்க ஜெயிச்சுட்டீங்க. காலையில இருந்து பாவம், புகையில கிடந்தீங்க. மூஞ்சியாவது தொடைச்சு விடறேன், வாங்க."

முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். மீசைக்கு வந்ததும் கை நின்றது.

"சுகுணா, இங்க வா."

மீசையின் இடது பக்கத்தில் இருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சுகுணா உள்ளங்கையில் வைத்தாள். வலது பக்கத்தில் இருந்து இரண்டு. முறுக்கின முனையைப் பிரித்தாள். அதற்குள்ளே இருந்து ஒரு எள் விழுந்தது. பொடி உதிர்ந்தால் கீழே விழ வேண்டியதுதானே. இந்த மீசையில் விழவில்லை. அத்தனை அடர்த்தி. அத்தனை விளக்கெண்ணெய்.

சுகுணா நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நாட்டுச்சக்கரை."

"உடைஞ்சது எதையோ தின்னுருப்பேன்" என்றார் ராஜப்பன்.

"உடைஞ்சதெல்லாம் காலையிலயே புள்ளைங்க வயித்துக்குப் போயிருச்சுங்களே. நான்தான சொன்னேன்." அமுதவல்லி குரலை உயர்த்தவில்லை. "ஒரு பாக்கெட்டு உங்ககிட்ட இருக்குது. அதுக்கு நூறு ரூபா குடுத்துட்டா வித்த கணக்கு. குடுக்கலைன்னா மாதேஸ் அண்ணன் வூட்டு அரிசியில கை வெச்ச கணக்கு. நான் ஒண்ணும் சொல்லலைங்க. எப்படி எழுதறதுன்னு நீங்களே சொல்லுங்க."

சென்னம்மாள் தரையைப் பார்த்தாள். மாதேஸ்தான் நாற்காலியில் இருந்து பேசினார்.

"மாப்ளே, குடுத்துரு. நான் ஏணியில இருந்து விழுந்தேன், கட்டுப் போட்டுட்டாங்க. நீ இப்ப விழுந்தேன்னா எங்கயும் கட்டுப் போட மாட்டாங்க."

ராஜப்பன் சட்டைப் பையில் கை விட்டார். ஒரு நூறு ரூபாய் நோட்டு வெளியே வந்தது. அதை மேசையில் வைத்தபோது கூட்டம் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. ஐந்நூறாவது பாக்கெட்டை வாங்கினவர் ராஜப்பன் என்று சுகுணா நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

இருபத்தேழு வருஷத்து மீசைக்குக் குரு எடுத்துக்கொண்டது மூன்று நிமிஷம். துணியை எடுத்தபோது வீட்டு நாய் ராஜப்பனைப் பார்த்துக் குரைத்தது.

மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் இத்தனை இடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே ராஜப்பன் எழுந்தார். தர்மத்துக்குக் கொடுத்த மீசை, வீர மரணம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"முடிதான, வளந்துரும். திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள். இந்த வருஷம் ஒட்டு மீசை வெச்சுக்கிறேன்."

"அது ஆவாதுங்க மாமா."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அறிவழகன் வந்தான். கடையை அடைத்துவிட்டு இப்போதுதான் அரூர் பஸ்ஸில் இறங்கியிருந்தான். கையில் நாடகக் கமிட்டி நோட்டு. மூக்குக்குக் கீழே ஒரு மீசை. கன்னத்தில் பாதி தூரம் போய், மேலே திரும்பி, பளபளவென்று விளக்கெண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தது. ராஜப்பனுக்கு அந்த எண்ணெயின் வாசம் நன்றாகத் தெரிந்தது. அவருடைய பாட்டில்.

"சொந்த மீசை இல்லாதவன் ராஜா வேஷம் கட்டக் கூடாது" என்று நோட்டைப் பார்த்து அறிவழகன் படித்தான். "முதல் கையெழுத்து உங்களுதுதாங்க மாமா."

"அப்ப நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கணுமா? பத்தொம்பது வருஷம் மேடையில நின்னவன்டா."

"அதெப்படி சும்மா விடுவோம்" என்றார் மாதேஸ். வெகுநேரமாக ராஜப்பன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி. "ராணிக்கு ஆளில்லைன்னு பத்து நாளா நான் தூங்கலை மாப்ளே. வசனம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் அழறதுக்கு முந்தியே நீ அழுவே. உதடும் லட்சணமாத்தான் இருக்குது. இத்தனை நாளா அதை மூடி வெச்சிருந்துட்டே."

"நானா? ராணியா?"

"முடியை மெதுவாத்தான் இழுப்பேன் மாமா" என்றான் அறிவழகன்.

சுருக்குப் பைக் கிழவி முன்னால் வந்து, "எதுக்கு மெதுவா?" என்று கேட்டாள்.

ராஜப்பன் பெண்டாட்டியைத் தேடினார். எப்படியும் புருஷன் மானத்தைக் காப்பாற்ற அவள் ஏதாவது சொல்லுவாள். அமுதவல்லி உள்ளே போயிருந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலம். பிரித்தாள். சிவப்புப் பட்டு ஜாக்கெட். கையில் அகல ஜரிகை. சட்டைக்கு மேலேயே ராஜப்பனுக்குப் போட்டுவிட்டாள். தோள் பொருந்தியது, கை பொருந்தியது, கொக்கி ஒன்றுகூட இழுக்கவில்லை.

"அளவு எப்படிடி தெரிஞ்சுது?"

"உங்க பழைய சட்டை ஒண்ணைத் தையக்காரர்கிட்ட குடுத்தேன்."

கழுத்துப் பக்கம் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தார். தையற்கடை ரசீது, குண்டூசியோடு. அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாள் போல. பிரித்துப் படித்தார். ஜாக்கெட் ஒன்று. பேர் அமுதவல்லி. துணி கொடுத்த நாள் செவ்வாய்க்கிழமை.

அவர் பந்தயம் கட்டியது புதன்கிழமை.